வீடு கடல் கடந்த நாள்

இருபதாம் வாரம்.
எதையும் தூக்கக் கூடாதாம்.
அதனால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து
என் வீட்டை ஊரார் தூக்குவதைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிலோயே தீவுகளில் இது அதிசயமல்ல.
இடம் மாறுகிறவர்கள்
வீட்டையும் கூடவே கூட்டிப்போவார்கள்.
எட்டு ஜோடி எருது,
நாற்பது பேர், நாலைந்து படகு.
கூலி கிடையாது.
வயிறு நிறைய மட்டியும் உருளைக்கிழங்கும்,
ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்.
"யாஸ்னா, காலை இழுத்துக்கொள்,
கயிறு வருது!"
தோன் அர்ஸேனியோ கத்துகிறார்.
கயிறு என்னைத் தாண்டிப் போகிறது,
ஈரமாக, அவசரமாக.

அக்கரையில் ரோடு இருக்கிறது.
ரோடு முடிகிற இடத்தில் ஆஸ்பத்திரி.
இக்கரையில் படகு இருக்கிறது,
காற்று சம்மதித்தால்.
போன தடவை காற்று
மூன்று நாள் சம்மதிக்கவில்லை.
போன தடவையைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.
அதற்குப் பதிலாகத்தான்
வீட்டை இழுக்கிறோம்.

நொல்பெர்த்தோ ராத்திரி தூங்கவேயில்லை.
மிதவைகளை எண்ணினான்.
சிப்பிப் பண்ணையில் இரவல் வாங்கிய நீல மிதவைகள், அறுபத்திரண்டு.
பிறகு என் வயிற்றில் காதை வைத்து
வேறெதையோ எண்ணினான்.
"என்ன கேட்குது?"
"நீ சாப்பிட்ட சூப்."

காஸ்த்ரோவில் ஸ்கேன் எடுத்த பெண்
திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
முதுகெலும்பு,
தட்டில் மிச்சம் வைத்த மீன்முள் மாதிரி.
முகத்தைக் காட்டச் சொன்னோம்.
கையால் மூடிக்கொண்டது.
இவன் சட்டென்று
தொப்பியைக் கழற்றிவிட்டான்,
பெரிய மனிதர் யாரோ வந்துவிட்டது போல.

எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள்:
அசைந்ததா?
இல்லை, இன்னும் இல்லை.
நஞ்சு முன்பக்கம் இருக்கிறதாம்,
மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து உதைத்தால்
எப்படித் தெரியும் என்றார் டாக்டர்.
சரி என்று தலையாட்டினேன்.
ராத்திரிகளில் மட்டும்
தலையாட்ட முடிவதில்லை.

நண்பகலுக்குப் பின் நீர் ஏறியது.
முதலில் படிக்கட்டு. பிறகு வாசல்.
பலகைகள் முனகின.
எருதுகளை அவிழ்த்துவிட்டார்கள்.
எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.
என் வீடு
எதையும் தொடாமல்
ஒரு கணம்
சும்மா இருந்தது.
பிறகு மெல்லத் திரும்பி,
அடுப்புக் குழாய் சாய,
கிளம்பியது.

பின்னால் வரும் சின்னப் படகில் என்னை ஏற்றினார்கள்.
எதுவீகெஸ் துடுப்புப் போட்டாள்.
நடுக்கால்வாய். தூறல்.
கழற்ற மறந்த அடுக்களைத் திரைச்சீலை
நனைந்து ஜன்னலில் ஒட்டிக்கிடந்தது.
அதை விலக்கிக்கொண்டு ஒரு முகம்.
காலையிலிருந்து மூன்று தோட்டம் தேடிய
எங்கள் பூனை!
வீட்டை விற்க வந்த தரகர் தோரணையில்
எங்களைப் பார்த்தது.

சிரித்தேன்.
எதுவீகெஸ் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள்.
படகு ஆடியது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
சிரிப்பு நின்ற பிறகும்
ஒன்று நிற்கவில்லை.

உள்ளிருந்து
விரலால் ஒரு சுண்டு.
இடைவெளி.
இன்னொன்று.

முன்படகில் நொல்பெர்த்தோ
கயிற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை.
கரை சேரும் வரை
அது என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
எதுவீகெஸ் என் முகத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் துடுப்பை எடுத்தாள்.

இருட்டியபோது வீடு
புதுக் கால்களில் நின்றது, கொஞ்சம் கோணலாக.
மேசையிலிருந்து விழுந்த உருளைக்கிழங்கு ஒன்று
அறை முழுக்க உருண்டு
மேற்கு மூலையில் போய் முட்டிக்கொண்டது.
"நாளைக்கு ஆப்பு வைத்து நிமிர்த்திடலாம்" என்றான்.
அவன் கையை எடுத்து
வயிற்றில் வைத்தேன்.
விஷயத்தைச் சொன்னேன்.

காத்திருந்தான்.
தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.
ஒன்றுமில்லை.
"என்னைப் பிடிக்கலை போல."
கையை எடுக்காமலே,
கள்வாசனையோடு, ஈரச் சட்டையோடு,
பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் தூங்கிப்போனான்.

அப்புறம்தான் உதைத்தது,
அவன் உள்ளங்கையில்
நேராக.